கொலாஜ் சரியாக வரவில்லையா? திருமண இணையத்தளத்துக்கு மென்பொருள் தேடுபவர்களுக்கு, கோளாறு வாரியாக

திருமண இணையத்தளத்தில் போட ஒரு கொலாஜ் (பல படங்களைச் சேர்த்து அமைக்கும் ஒரே படம்) செய்ய வேண்டும், எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஏதோ ஒன்றில் செய்து பார்த்து மனம் நிறையாமல்தான் கேட்கிறார்கள். முகங்கள் மங்கிவிட்டன, தமிழ் எழுத்து சிதறிவிட்டது, கைப்பேசியில் திறந்தால் ஒன்றும் தெரியவில்லை. உடனே அடுத்த மென்பொருளுக்குத் தாவுகிறார்கள். அங்கேயும் அதே கோளாறு வருகிறது. ஏனென்றால் அது உள்ளே கொடுத்த படத்திலோ, வெளியே எடுத்த கோப்பின் அளவிலோ இருக்கிறது. மென்பொருளை மாற்றியே தீர வேண்டிய இடங்கள் சில உண்டு. அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதே என் நோக்கம். உங்களுக்கு நேர்ந்த கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கிருந்தே படிக்கத் தொடங்கலாம்.

அதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் அத்தையும் ஜொகூரில் இருக்கும் மாமாவும் தஞ்சாவூரில் இருக்கும் பாட்டியும் உங்கள் தளத்தைக் கைப்பேசியில்தான் திறப்பார்கள். கணினியின் அகலத் திரையில் பார்ப்பவர், அநேகமாக, அதைச் செய்துகொண்டிருக்கும் நீங்கள் ஒருவர்தான்.

முகங்கள் மங்கலாக இருக்கின்றன

கொலாஜை மூடிவிட்டு மூலப் படத்தைத் தனியாகத் திறந்து பாருங்கள். அதுவே மங்கலாக இருந்தால் எந்த மென்பொருளாலும் பயனில்லை. படம் எந்த வழியாக வந்தது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து இறக்கியதாக இருக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000க்கு 4000 பிக்சல். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் அதன் நீளமான பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 2023இல் வந்த எச்டி தேர்வு சற்றுப் பெரிதாக அனுப்பினாலும் அதுவும் சுருக்கத்தான் செய்கிறது. குழுப்படத்தில் ஒரு வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். 1600 பிக்சலில் ஒருவருக்குக் கிடைப்பது 160. முகத்துக்கு அதில் பாதிகூட வராது. அந்த முகத்தை வெட்டி எடுத்துக் கொலாஜின் நடுவே பெரிதாக வைத்தால் மங்காமல் என்ன செய்யும்?

தீர்வு எளிது. படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது வாட்ஸ்அப் அதைத் தொடாது. அல்லது கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் மூலக் கோப்பை ஏற்றி இணைப்பைத் தரச் சொல்லுங்கள். சித்தப்பாவுக்கு ஆவணமாக அனுப்பத் தெரியாவிட்டால், தொலைபேசியில் அழைத்து ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுப்பது, மங்கிய படத்தோடு ஒரு மாலை முழுவதும் போராடுவதைவிட நல்லது.

மூலப் படம் தெளிவாக இருந்தும் கொலாஜ் மங்கினால், கோளாறு சேமிக்கும் இடத்தில் இருக்கிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்திருக்கிறேனே என்பார்கள். அந்தக் கணக்கு அச்சுக்கு உரியது. இணையத்தில் அகலம் எத்தனை பிக்சல், உயரம் எத்தனை பிக்சல் என்பது மட்டுமே கணக்கு. கணினித் திரையின் முழு அகலத்துக்குப் போடும் கொலாஜ் 1920 முதல் 2400 பிக்சல் அகலம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக ஏற்றினால் தளமே அதைச் சுருக்கும். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலைத் தாண்டும் படங்களைத் தானாகவே அந்த அளவுக்குக் குறைக்கிறது. குறைக்கும்போது ஜேபெக் என்ற பட வடிவின் தரத்தை 100க்கு 82 என்று வைத்து மறுபடி அழுத்துகிறது. நீங்கள் ஒருமுறை அழுத்தி, தளம் இன்னொரு முறை அழுத்தினால் முகத்தின் நுண்மை போய்விடும். ஆகவே தளம் கேட்கும் அளவிலேயே, 85 முதல் 90 தரத்தில், ஒரே ஒருமுறை சேமித்து ஏற்றுங்கள்.

இங்கே மென்பொருளுக்கு ஒரு தேர்வு வைக்கலாம். கொலாஜின் அகல உயரங்களைப் பிக்சலில் எண்ணாகக் கொடுக்க இடம் இருக்கிறதா? ‘சிறியது, நடுத்தரம், பெரியது’ என்று மட்டும் கேட்டு, எத்தனை பிக்சல் என்பதை மறைத்து வைக்கும் செயலியை விட்டுவிடுங்கள்.

பட்டுப்புடவையில் இல்லாத அலைகள் தெரிகின்றன

நெருக்கமான கட்டமும் சரிகைக் கோடும் உள்ள காஞ்சிபுரம் பட்டில் இது அடிக்கடி நேரும். படத்தைச் சுருக்கும்போது நூலின் இடைவெளியும் பிக்சலின் இடைவெளியும் ஒன்றோடொன்று மோதிப் பொய்யான அலைக்கோலம் உண்டாகிறது. முதலில் 100 விழுக்காட்டு அளவில் வைத்துப் பாருங்கள். பாதி அளவில் காட்டும்போது மட்டும் அலை தெரிந்தால் கோப்பில் குறை இல்லை. 100 விழுக்காட்டிலும் தெரிந்தால், சுருக்கும் முறையை மாற்ற வேண்டும். இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளில் லான்சோஸ் முறையையும், கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் கியூபிக் அல்லது நோஹேலோ முறையையும் தேர்ந்து மூலப் படத்தைத் தேவையான அளவுக்கு முன்கூட்டியே சுருக்கிக்கொண்டு, பிறகு கொலாஜில் வையுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் அந்தப் படத்துக்குப் பெரிய கட்டம் கொடுங்கள். புடவையைப் பார்த்துப் பார்த்து எடுத்தவருக்கு அந்த இடத்தைக் கொடுப்பது நியாயம்தான்.

அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகிவிட்டது

படப்பிடிப்பாளர் அடோபி ஆர்ஜிபி என்ற நிறவெளியில் (நிறங்களை எண்ணாகக் குறிக்கும் முறையில்) படங்களைக் கொடுத்திருக்கலாம். 1998இல் அடோபி நிறுவனம் வகுத்த இந்த நிறவெளி அச்சுக்கு நல்லது. இணையம் புழங்குவது எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியில். படத்தோடு வரும் நிறக் குறிப்பைக் கொலாஜ் மென்பொருள் படிக்காமல் வீசிவிட்டால் சிவப்பும் மஞ்சளும் வெளுக்கும். நம் திருமணங்களில் குங்குமம், மஞ்சள், மருதாணி, பட்டு எல்லாமே அந்த இரண்டு நிறங்களைச் சுற்றியே இருப்பதால் இழப்பு உடனே கண்ணில் படுகிறது.

படப்பிடிப்பாளரிடம் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காகவே கேட்டு வாங்குவது முதல் வழி. ஏற்கெனவே வாங்கிவிட்டால் கிம்பில் திறந்து பாருங்கள். வேறு நிறவெளி இருப்பதைக் கண்டு, மாற்றவா என்று அதுவே கேட்கும். மாற்றச் சொல்லிச் சேமியுங்கள். ஃபோட்டோஷாப்பில் செய்பவர்கள் நிறவெளியை ‘மாற்று’ என்ற கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். ‘ஒதுக்கு’ என்ற கட்டளை எண்களை அப்படியே வைத்துப் பெயரை மட்டும் மாற்றுவதால் நிறம் இன்னும் கெடும்.

வேறொரு வகை நிறக் குழப்பமும் உண்டு. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் எடுத்த படம் மஞ்சளாகவும், ஹோட்டல் வரவேற்பில் எடுத்தது நீலமாகவும், தாவரவியல் பூங்காவில் எடுத்தது பச்சை படிந்தும் இருக்கும். தனித்தனியே பார்த்தால் மூன்றும் அழகு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கொலாஜில் வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு படத்திலும் வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்யுங்கள். படத்தில் தூய வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் இருந்தால் வேலை எளிது. நிறம் பிடிக்கும் கருவியை அந்த வேட்டியின் மேல் வைத்து அழுத்தினால் போதும்.

முகங்கள் வெளுத்துப் பொம்மை போல ஆகிவிட்டன

கைப்பேசிக் கொலாஜ் செயலிகள் சிலவற்றில் ‘அழகூட்டு’ வடிகட்டி கேட்காமலேயே இயங்கும். மாநிறத்தையும் கறுப்பையும் குறையாகக் கருதி வெளுக்க வைக்கும். கன்னத்தின் மச்சத்தைத் துடைத்துவிடும். இதை நான் சிறிய தொழில்நுட்பக் கோளாறாக எடுத்துக்கொள்ள மறுக்கிறேன். மணமகளின் பாட்டி அந்தப் படத்தைப் பார்த்து ‘இது யார்’ என்று கேட்கும்படி ஆகக்கூடாது. அமைப்பில் அதை அணைக்க வழி இருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள். மென்பொருளை மாற்றியே ஆக வேண்டிய இடங்களில் இது முதலாவது.

தானியங்கி ஒளித் திருத்தத்திலும் கவனம் தேவை. கருமையான முகமும் பளிச்சென்ற வேட்டியும் ஒரே படத்தில் இருந்தால், முகத்தை ஒளியூட்டப் போய் வேட்டியின் மடிப்பையும் கரையையும் அழித்துவிடும். நிழற்பகுதியை மட்டும் உயர்த்தும் கருவியைக் கையால் சிறிது நகர்த்துவதே நல்லது.

தமிழ் எழுத்து உடைகிறது

மணமக்கள் பெயரையும் முகூர்த்த நாளையும் கொலாஜின் மேல் எழுதும்போது இது வரும். எப்படி உடைகிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றனவா? ‘கொ’ என்று அடித்தால் ககரத்துக்கு முன் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறதா, புள்ளி வைத்த வட்டம் ஒன்று நடுவே முளைக்கிறதா? அப்படியானால் அந்த மென்பொருள் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாதது. எந்த எழுத்துருவை மாற்றினாலும் சரியாகாது. ஃபோட்டோஷாப்பில் இதற்கு மருந்து உண்டு: விருப்பத்தேர்வுகளில் எழுத்து என்ற பகுதிக்குப் போய், மத்திய கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், புதிய பதிப்புகளில் அது உலக மொழிகளுக்கான அமைப்பு என்ற பெயரில் இருக்கும். மென்பொருளை மூடித் திறந்து புதிய கோப்பில் தொடங்குங்கள். கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டிலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. தமிழ் ஒழுங்காக வரும். கைப்பேசிச் செயலி ஒன்றில் இப்படி உடைந்தால், அந்தச் செயலியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மாற்றியே ஆக வேண்டிய இரண்டாவது இடம் இது.

வெறும் சதுரப் பெட்டிகள் வருகின்றனவா? எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள். மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி கணினியோடே வருகிறது.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வருகிறதா? அழைப்பிதழ் அச்சிட்ட கடையிலிருந்து வாங்கிய வாசகத்தை வெட்டி ஒட்டியிருப்பீர்கள். அச்சுக்கூடங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துரு போனதும் முகமூடி கழன்று ஆங்கிலம் தெரிகிறது. இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. ஆனால் வாசகத்தில் ஆங்கிலத்திலேயே இருந்த மண்டப முகவரியையும் அவை பொருளற்ற தமிழாக்கிவிடும். அழைப்பிதழ் ஒரு பக்கத்துக்கு மேல் போவதில்லை. உட்கார்ந்து புதிதாகத் தட்டச்சு செய்வதே என் பரிந்துரை. பெயரையும் நேரத்தையும் இரண்டு வீட்டாரும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

‘ஸ்ரீ’ மட்டும் பிரிந்து நிற்கிறதா? யூனிகோடில் இதை ‘ஸ’ கொண்டும் ‘ஶ’ கொண்டும் இரண்டு விதமாக அடிக்கலாம். சில எழுத்துருக்கள் ஒன்றை மட்டுமே சேர்த்துக் காட்டும். மற்ற முறையில் அடித்துப் பாருங்கள். அதுவும் பிரிந்தால் எழுத்துருவை மாற்றுங்கள்.

புதிய மென்பொருள் எதை எடுத்தாலும் முதல் வேலையாக ‘ஸ்ரீ கௌரி கொண்டாட்டம் லக்ஷ்மி’ என்று அடித்துப் பாருங்கள். இந்த நான்கு சொற்களும் பழுதில்லாமல் வந்தால் அழைப்பிதழில் உள்ள எல்லாம் வரும். படம் ஏற்றி, வடிவம் தேர்ந்து, இரண்டு மணிநேரம் உழைத்த பிறகு எழுத்து உடைவதைப் பார்ப்பது பெரிய சலிப்பு. தமிழை ஒதுக்கிவிட்டு ஆங்கிலத்திலேயே பெயரை எழுதிவிடுவோம் என்ற எண்ணம் அந்தச் சலிப்பில்தான் வருகிறது. தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக இருக்கும் ஊர் சிங்கப்பூர். 1990களிலேயே நா. கோவிந்தசாமி இங்கிருந்து தமிழை இணையத்தில் ஏற்றுவதற்காக எழுத்துருவும் விசைப்பலகையும் உருவாக்கி உழைத்தார். இன்று ஒரு எழுத்துருவை மாற்றினால் தீரும் சிக்கலுக்காக மணமக்கள் பெயரைத் தமிழில் எழுதாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எழுத்து சரியாக இருந்தும் விளிம்பு கலங்கித் தெரிந்தால், மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தா என்று பாருங்கள். ஜேபெக் முறை ஒளி வேறுபாட்டைக் கூர்மையாக வைத்து, நிற வேறுபாட்டைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில் சேமிக்கிறது. அதனால் சிவப்பு எழுத்தின் ஓரம் கசிகிறது. கிம்பில் ஜேபெக்காக எடுக்கும்போது நிற மாதிரி எடுப்பை 4:4:4 என்று வைத்தால் கசிவு நிற்கும். அதைவிட நல்ல வழி, எழுத்தைப் படத்தில் பதிக்காமல் தளத்தின் பக்கத்திலேயே எழுத்தாக இடுவது. அப்போது எந்தத் திரையிலும் கூர்மையாக இருக்கும், பார்வை குறைந்த பெரியவர்கள் பெரிதாக்கிப் படிக்கலாம், முகூர்த்த நேரம் மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

கணினியில் அழகாக இருக்கிறது, கைப்பேசியில் ஒன்றும் தெரியவில்லை

எல்லாக் கோளாறுகளிலும் இதுவே பெரியது. இதைக் கோளாறு என்று பலர் உணர்வதே இல்லை என்பது இன்னும் பெரியது.

கைப்பேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். நான்கு பத்தி, மூன்று வரிசை என்று பன்னிரண்டு படங்களை அகலவாக்கில் அடுக்கிய கொலாஜ் அந்தத் திரையில் வந்து உட்காரும்போது ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. குழுப்படமாக இருந்தால் முகங்கள் கடுகளவுதான். பாட்டி இரண்டு விரலால் பெரிதாக்கப் பார்ப்பார், தளம் அதற்கு இடம் கொடுக்காது, மூடி வைத்துவிடுவார்.

இரண்டு கொலாஜ் செய்யுங்கள். கணினிக்கு அகலமானது ஒன்று. கைப்பேசிக்கு நெடிதானது இன்னொன்று, 1200க்கு 1600 பிக்சல் அளவில், குறுக்கே இரண்டு படங்களுக்கு மேல் இல்லாமல். தளம் அமைக்கும் கருவிகள் பலவற்றில் ஒரு பகுதியைக் கைப்பேசியில் மட்டும் காட்டவும் கணினியில் மட்டும் காட்டவும் தேர்வு இருக்கிறது. ஆறு படம் வைத்தால் கைப்பேசியில் நன்றாக இருக்கும். ஒன்பதுக்கு மேல் போனால் கொலாஜ் என்ற யோசனையையே விட்டுவிடுங்கள் என்பேன். வேர்ட்பிரஸ் தளத்தில் கேலரி இருக்கிறது, கூகுள் சைட்ஸில் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. படங்கள் தனித்தனியாக இருப்பதால் திரைக்கு ஏற்றபடி தாமாகவே அடுக்கிக்கொள்ளும்; தொட்டால் பெரிதாகும்படி அமைக்கவும் சில தளங்களில் வழி உண்டு. கொலாஜ் மென்பொருளே தேவையில்லாமல் போகும் இடம் இது. பெரியப்பா குடும்பம், சின்ன மாமா குடும்பம், அலுவலக நண்பர்கள் என்று யாரையும் விட மனமில்லாமல் நாற்பது படங்களை ஒரே சட்டத்தில் அடைப்பதைவிட, முகப்பில் ஐந்தாறு படங்களோடு ஒரு கொலாஜும் கீழே எல்லாரும் இருக்கும் கேலரியும் வைத்தால் எவருக்கும் மனக்குறை இராது.

எதை எடுப்பது என்று முடிவாகவில்லை

மேலே சொன்னவற்றைப் பார்த்தபிறகும் கேள்வி நிற்கிறது என்றால் என் தீர்ப்பு இது. பெரும்பாலானவர்களுக்கு, உலாவியிலேயே வடிவமைக்க உதவும் கேன்வா போதும். அளவைப் பிக்சலில் கொடுத்துத் தொடங்கலாம், தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன, இங்கே இருக்கும் மணமகனும் சென்னையில் இருக்கும் மணமகளின் தங்கையும் ஒரே வடிவத்தைத் திறந்து திருத்தலாம். செய்து முடித்த வடிவத்தை வேறு அளவுக்கு மாற்றும் வசதி கட்டணப் பதிப்பில்தான். ஆகவே கைப்பேசிக்கான நெடிய வடிவத்தைத் தொடக்கத்திலேயே தனியாகத் திறந்துகொள்ளுங்கள். நிறம், எழுத்து, அழுத்தம் எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு, பொறுமையும் இருந்தால், கிம்ப். ஃபோட்டோஷாப் ஏற்கெனவே வைத்திருந்தால் அதிலேயே செய்யுங்கள். இதற்காகச் சந்தா கட்ட வேண்டாம். கூகுள் போட்டோஸில் உள்ள கொலாஜ் சில படங்களை விரைவாகச் சேர்த்து உறவினருக்கு அனுப்ப நல்லது. தளத்தின் முகப்புக்கு அதில் பிடி போதாது.

பழைய பிக்காசாவை இன்னும் கணினியில் வைத்திருப்பவர்கள் உண்டு. கூகுள் அதை 2016இலேயே நிறுத்திவிட்டது. அதன் கொலாஜ் வசதி எளிமையானது, உண்மை. புதிய கைப்பேசிப் படங்களைத் திறப்பதில் தடுமாறும் என்பதால் அதை நம்பித் தொடங்க வேண்டாம்.

தலை வெட்டுப்படுகிறது

கேமராப் படம் 3:2, கைப்பேசிப் படம் பெரும்பாலும் 4:3, கொலாஜின் கட்டமோ சதுரம். கட்டத்தை நிரப்புவதற்காக மென்பொருள் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்டுகிறது. மாலையும் தலைப்பாகையுமாக முழு உயரத்தில் நிற்கும் மணமகனுக்குத் தலை போகும்; வரிசையாக நிற்கும் குடும்பத்தில் இரண்டு ஓரத்திலும் இருப்பவர்கள் போவார்கள். ஓரத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் அடக்கமான உறவினர்கள். கேட்கவும் மாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

கட்டத்துக்குள் படத்தை நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். முடியாத மென்பொருள் வேண்டாம். நகர்த்தியும் அடங்காவிட்டால் வார்ப்புருவை மாற்றுங்கள்: நின்ற படத்துக்கு நெடிய கட்டம், குழுப்படத்துக்குக் குறுக்கே முழு அகலக் கட்டம்.

படங்கள் நேர வரிசையில் வரவில்லை

தாலி கட்டிய படத்துக்குப் பின் நலங்குப் படம் வந்து நிற்கிறதா? இந்தியாவிலிருந்து வந்த உறவினரின் கேமராவில் இந்திய நேரம் மாற்றப்படாமல் இருக்கும். சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னே ஓடுவதால் அவருடைய படங்கள் எல்லாம் இரண்டரை மணி முந்தியவையாகப் பதிவாகின்றன. எக்ஸ்என்வியூ போன்ற மென்பொருளில் அந்தக் கேமராவின் படங்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்து நேரத்தை 2 மணி 30 நிமிடம் கூட்டினால் எல்லாம் ஒழுங்காகிவிடும். வாட்ஸ்அப் வழியாக வழக்கம்போல் படமாக வந்தவற்றில் எடுத்த நேரமே இருக்காது. அவற்றைக் கையால்தான் அடுக்க வேண்டும்.

ஐஃபோன் படம் ஏறவில்லை, அல்லது படுத்துக் கிடக்கிறது

2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐஃபோன் எச்இஐசி என்ற வடிவில் சேமிக்கிறது. பல மென்பொருள்களும் உலாவிகளும் அதைத் திறக்காது. இனி எடுக்கப்போகும் படங்களுக்கு, அமைப்பில் கேமரா, வடிவம் என்று போய் ‘அதிகம் பொருந்துவது’ என்பதைத் தேர்ந்தால் ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்தவற்றை மேக்கில் பிரிவியூ கொண்டு மாற்றலாம். படுத்துக் கிடக்கும் படத்துக்குக் காரணம், கைப்பேசியைத் திருப்பிப் பிடித்தது ஒரு குறிப்பாக மட்டும் கோப்பில் இருப்பது. சில மென்பொருள்கள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. ஒருமுறை திறந்து, சுழற்றி, புதிதாகச் சேமித்தால் தீர்ந்தது.

பழைய ஆல்பப் படத்தில் வெளிச்சம் அடிக்கிறது

மணமக்களின் குழந்தைப் பருவப் படங்களைச் சேர்க்க விரும்புபவர்கள் ஆல்பத்தைக் கைப்பேசியால் எடுத்து அனுப்புகிறார்கள். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள் பளபளக்கிறது. படத்தை வெளியே எடுத்து அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்யுங்கள்; ஒரு 4ஆர் அளவுப் படம் 2400க்கு 3600 பிக்சலாகக் கிடைக்கும். தாளில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இழுக்காதீர்கள், கிழிந்துவிடும். ஃபிளாஷை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுங்கள்.

தளம் திறக்க நேரமாகிறது

கொலாஜை பிஎன்ஜியாகச் சேமித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கோடும் எழுத்தும் உள்ள படத்துக்கு அது நல்லது. ஒளிப்படத்துக்குப் பல மடங்கு எடை கூடும். ஜேபெக் அல்லது வெப்பி (WebP) என்ற வடிவுக்கு மாற்றினால் 2000 பிக்சல் அகலக் கொலாஜ் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். ஸ்குவூஷ் என்ற இணையக் கருவியில் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இங்கே நம் வீட்டில் இணையம் வேகமாக இருப்பதால் எடை தெரியாது. ஊரில் கிராமத்துக்குள் இருப்பவருக்குத் தெரியும்.

பாதியில் உறைந்துவிடுகிறது

நாற்பது மூலப் படங்களை அப்படியே ஏற்றினால் உலாவி திணறும். இர்ஃபான்வியூவில் மொத்தமாக 2000 பிக்சலுக்குச் சுருக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

கடைசி நிமிடத்தில் நீர்முத்திரை விழுகிறது

செய்வதற்கு இலவசம், எடுப்பதற்குக் கட்டணம் என்று இருந்து, கட்டாதவர்களின் படத்தின் மேல் தங்கள் பெயரை நீர்முத்திரையாகப் பதிக்கும் மென்பொருள்கள் உண்டு. இரண்டு படங்களை மட்டும் வைத்து முதலிலேயே ஒருமுறை சேமித்துப் பார்த்துவிடுங்கள்.

அக்கா படம் விட்டுப்போய்விட்டது

இது நடக்கும். தளத்தை அனுப்பிய அன்றே யாரோ ஒருவர் விட்டுப்போயிருப்பது தெரியவரும். கையில் இருப்பது ஒரே ஒரு ஜேபெக் என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே வடிவத்தைத் திருத்தக்கூடிய கோப்பாகச் சேமிக்க முடியுமா என்பதும் மென்பொருளுக்கான தேர்வுதான். கிம்பில் எக்ஸ்சிஎஃப், ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்டி; கேன்வாவில் கணக்கில் இருக்கும். முடித்தவுடன் வடிவத்தை மூடிவிடுகிற கைப்பேசிச் செயலிகளைத் திருமணத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இணைப்பை அனுப்பினால் படம் வரவில்லை

வாட்ஸ்அப்பில் தளத்தின் முகவரியை அனுப்பும்போது மேலே தெரியும் சிறு படம் உங்கள் கொலாஜிலிருந்து தானாக வராது. தள அமைப்பில் பகிர்வுப் படம் என்று ஓர் இடம் இருக்கும். அங்கே 1200க்கு 630 பிக்சலில், மணமக்கள் மட்டும் நடுவில் இருக்கும் தனிப் படத்தைக் கொடுங்கள். சில நூறு கிலோபைட்டுக்குள் இருக்கட்டும். மாற்றிய பிறகும் பழைய படமே தெரிந்தால், முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் எண் ஒன்றும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள்.

வரவேற்புப் பலகையில் அச்சிட்டால் உடைகிறது

மண்டப வாசலில் வைக்கவும் அதே கொலாஜ் போதும் என்று அச்சுக் கடைக்கு அனுப்புவார்கள். ஏ1 அளவு 594க்கு 841 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 150 புள்ளி என்று கணக்கிட்டாலும் 3508க்கு 4967 பிக்சல் வேண்டும். இணையத்துக்குச் செய்தது அதில் பாதிகூட இராது. பலகை தேவைப்படும் என்று தெரிந்தால் பெரியதை முதலில் செய்து, அதைச் சுருக்கி இணையத்துக்கு எடுங்கள். சிறியதைப் பெரிதாக்க முடியாது.

படப்பிடிப்பாளர் வருத்தப்படுகிறார்

சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களாக இருந்தாலும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், உரிமை எடுத்தவருக்கே. அதற்கு முன் எடுக்கச் சொன்னவரிடம் இருந்தது. பொதுவில் பயன்படுத்தும்போது எடுத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் வந்தது. வெட்டி, நிறம் மாற்றி, மேலே எழுத்துப் பதித்துக் கொலாஜாக்கித் தளத்தில் போடலாமா என்று ஒப்பந்தம் போடும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். கொலாஜின் கீழே, படத்துக்கு வெளியே, ஒரு வரியில் அவர் பெயரை இடுங்கள்.

கேலரியில் மூலப் படங்களை ஏற்றுபவர்கள், ஏற்றும் முன் அவற்றில் பதிந்திருக்கும் இடக் குறிப்பை நீக்கிவிடுங்கள். வீட்டில் கைப்பேசியால் எடுத்த நலங்குப் படத்தில் உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் எங்கே இருக்கிறது என்பது அட்சரேகை, தீர்க்கரேகையோடு இருக்கக்கூடும். திருமண நாளன்று அந்த வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதையும் அதே தளம் தேதியும் நேரமுமாகச் சொல்கிறது.